ஊபெதாவில் குடியேறுவது: ஸ்பெயினின் பழைய சிறுநகரில் வீடு தேடுவோருக்கு

ஸ்பெயினின் பழைய ஊர்களில் குடியேற ஆசைப்படுபவர்களில் பலர் மே மாதத்திலோ அக்டோபரிலோ ஒரு வாரம் வந்து தங்கி, மாலை வெயிலில் பொன்னிறம் கொள்ளும் கல் சுவர்களைப் பார்த்து, அங்கேயே மனத்தை முடிவு செய்துவிடுகிறார்கள். அவர்களிடம் நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: ஜனவரி மாதம் முழுவதையும் அந்த ஊரில், விடுதியில் அல்ல, வாடகை வீட்டில் கழித்துப் பாருங்கள், அதுவரை வீடு வாங்குவதற்கான எந்தத் தாளிலும் கையெழுத்திடாதீர்கள். இங்கே எழுதியிருப்பவை ஆண்டலூசியாவின் ஹயேன் மாகாணத்தில் உள்ள ஊபெதாவை மனத்தில் வைத்து எழுதியவை. சட்டமும் அலுவலக நடைமுறையும் பெரும்பாலும் நாடு முழுவதற்கும் பொருந்தும். கல்லும் குளிரும் பேச்சும் ஊருக்கு ஊர் மாறும்.

ஊபெதாவில் ஏறத்தாழ 34,000 பேர் வாழ்கிறார்கள். குவாதல்கிவீர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்கு மேலே, கடல் மட்டத்திலிருந்து சுமார் 750 மீட்டர் உயரத்தில், நீண்ட மேடு ஒன்றின் முதுகில் ஊர் அமைந்திருக்கிறது. 16ஆம் நூற்றாண்டில் பேரரசர் ஐந்தாம் கார்லோஸின் செயலராக இருந்த பிரான்சிஸ்கோ தெ லோஸ் கோபோஸ் இவ்வூர்க்காரர். அவருடைய குடும்பத்தின் செல்வமும் ஆந்த்ரெஸ் தெ வந்தெல்வீரா என்ற கட்டடக் கலைஞரின் திறனும் சேர்ந்து இந்தச் சிறிய ஊரில் இத்தாலிய மறுமலர்ச்சிப் பாணியிலான அரண்மனைகளையும் தேவாலயங்களையும் எழுப்பின. 2003இல் யுனெஸ்கோ ஊபெதாவையும், 9 கிலோமீட்டர் தொலைவிலுள்ள பயேசாவையும் சேர்த்து உலகப் பாரம்பரியச் சின்னமாக அறிவித்தது. வந்தெல்வீரா கட்டிய அரண்மனை ஒன்றில்தான் இன்று நகராட்சி மன்றம் இருக்கிறது. அங்கே போவதற்கு உங்களுக்கு விரைவிலேயே வேலை வரும்.

இந்த அளவுள்ள ஊரைத் தேர்ந்தெடுக்கச் சொல்வதற்குக் காரணம் உண்டு. ஆயிரம் பேர் மட்டும் வாழும் அல்பர்ரசீன் போன்ற ஊர்கள் கண்ணுக்கு இன்னும் அழகானவை. ஆனால் ஓர் எலும்பு முறிவுக்கோ நல்ல காலணிக்கோ வேறு ஊருக்குத்தான் போக வேண்டியிருக்கும். ஊபெதாவில் பொது மருத்துவமனை இருக்கிறது, பள்ளிகள் இருக்கின்றன, ஹயேனுக்கும் கிரனாதாவுக்கும் பேருந்து இருக்கிறது. இரயில் மட்டும் ஊருக்குள் வருவதில்லை. லினாரெஸ்–பயேசா நிலையத்துக்குச் சாலை வழியே போய்த்தான் வண்டி ஏற வேண்டும். விமானம் பிடிக்கக் கிரனாதா போகலாம், இல்லையென்றால் மலாகாவுக்கோ மத்ரீதுக்கோ போக வேண்டும்.

விசா: எந்த வாசல் வழியாக

இந்தியா, இலங்கை போன்ற ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியே உள்ள நாட்டுக் குடிமக்களுக்கு, வேலை வாய்ப்புக் கடிதம் இல்லாமல் வர முக்கியமாக இரண்டு வாசல்கள் திறந்திருக்கின்றன. வீடு வாங்குவதன் மூலம் வசிப்புரிமை பெறும் மூன்றாவது வாசல், அதாவது அரை மில்லியன் யூரோ முதலீட்டுக்குக் கிடைத்துவந்த பொன் விசா, 2025 ஏப்ரல் 3 அன்று மூடப்பட்டுவிட்டது. இன்னமும் அதைச் சொல்லி வீடு விற்க முயலும் தரகர் எவரிடமும் பேச்சை வளர்க்க வேண்டாம்.

முதலாவது, வருமானம் ஈட்டாத வசிப்பு விசா. ஓய்வூதியம், வாடகை, வட்டி, சேமிப்பு ஆகியவற்றைக் கொண்டு வாழக்கூடியவர்களுக்கானது இது. இதில் வருபவர் எந்த வேலையும் செய்யக் கூடாது. மடிக்கணினியில் வெளிநாட்டு நிறுவனத்துக்குச் செய்யும் வேலையும் வேலைதான். ஸ்பெயின் அரசு உதவித்தொகைகளைக் கணக்கிடப் பயன்படுத்தும் இப்ரெம் என்ற அளவுகோலின் 400 விழுக்காட்டை விண்ணப்பதாரர் காட்ட வேண்டும். 2023இல் அது மாதம் 600 யூரோ என நிர்ணயிக்கப்பட்டது. அந்தக் கணக்கில் தனி ஒருவருக்கு மாதம் 2,400 யூரோ, ஆண்டுக்கு 28,800 யூரோ வேண்டும். உடன் வரும் ஒவ்வொருவருக்கும் மாதம் 600 யூரோ கூடும். இரண்டாவது, 2022ஆம் ஆண்டின் புத்தொழில் சட்டம் கொண்டுவந்த தொலைவேலை விசா. இதற்குக் குறைந்தபட்சக் கூலியின் இரு மடங்கு வருமானம் காட்ட வேண்டும். அந்தக் கூலி ஏறக்குறைய ஆண்டுதோறும் உயர்வதால் விண்ணப்பிக்கும் ஆண்டின் தொகையைப் பார்த்துக்கொள்ளுங்கள். வேலை தரும் நிறுவனம் குறைந்தது ஓராண்டாக இயங்கிவர வேண்டும், உங்களுக்கும் அதற்குமான வேலைத் தொடர்பு மூன்று மாதங்களாவது நிலைத்திருக்க வேண்டும்.

இரண்டுக்குமே குற்றப்பின்னணி இல்லை என்ற காவல் துறைச் சான்றும், ஸ்பெயினில் இயங்க அனுமதி பெற்ற நிறுவனத்தின் மருத்துவக் காப்பீடும் கேட்பார்கள். காப்பீட்டில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. மருத்துவரைப் பார்க்கும் ஒவ்வொரு முறையும் நோயாளி ஒரு சிறு தொகையைச் செலுத்தும் வகைத் திட்டங்கள் விலை மலிவாக இருக்கும், ஆனால் விசாவுக்கு அவை ஏற்கப்படுவதில்லை. 'சின் கோபாகோஸ்', அதாவது நோயாளி பங்குத் தொகை இல்லை என்று பத்திரத்தில் எழுதியிருக்க வேண்டும். இந்தியாவிலிருந்து வரும் ஆவணங்களுக்கு, அவை உண்மையானவை என்று வெளிநாட்டுக்குச் சான்று சொல்லும் அப்போஸ்தில் முத்திரையை வெளியுறவு அமைச்சகத்தில் வாங்கி, ஸ்பெயின் அரசால் நியமிக்கப்பட்ட உறுதிமொழி மொழிபெயர்ப்பாளரிடம் ஸ்பானிய மொழியில் பெயர்த்துக்கொள்ளுங்கள். முத்திரை முதலில், மொழிபெயர்ப்பு பிறகு; வரிசை மாறினால் முத்திரையில் உள்ள எழுத்துகள் பெயர்க்கப்படாமல் போய், மறுபடியும் பணம் கட்ட நேரிடும். திருமணச் சான்று, பிறப்புச் சான்று இரண்டையும் உடனடித் தேவை இல்லாவிட்டாலும் இதே முறையில் தயார் செய்து எடுத்து வாருங்கள். ஊபெதாவில் உட்கார்ந்துகொண்டு அவற்றைத் தருவிப்பது மாதக்கணக்கில் இழுக்கும்.

வந்த முதல் மாதம்

நகராட்சியின் குடியிருப்போர் பதிவேட்டில் பெயரைப் பதிவதுதான் முதல் வேலை. அதற்குப் பத்ரோன் என்று பெயர். கடவுச்சீட்டும் வாடகை ஒப்பந்தமும் போதும்; கட்டணம் கிடையாது. குடும்ப மருத்துவர், பள்ளிச் சேர்க்கை, வசிப்பு அட்டை, பிற்காலத்தில் குடியுரிமை என எல்லாமே இந்தப் பதிவின் தேதியிலிருந்துதான் கணக்கிடப்படும் என்று ஊரார் பேசுவார்கள். சட்டப்படி அது முழுக்கச் சரியில்லை என்றாலும், நீங்கள் இங்கே வாழ்ந்தீர்கள் என்பதற்கு இதைவிட எளிய சான்று கிடையாது. நிரந்தர வசிப்புரிமை இல்லாத, ஒன்றியத்துக்கு வெளியிலுள்ள நாட்டவர்கள் இரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை இதைப் புதுப்பிக்க வேண்டும். மறந்தால் பெயர் நீக்கப்படும். வீட்டுச் சொந்தக்காரர்களில் சிலர் குடியிருப்பவர் பத்ரோனில் பதிவதை விரும்பமாட்டார்கள். ஒப்பந்தம் எழுதும் முன்பே இதைக் கேட்டுவிடுங்கள். தயங்குகிறவரின் வீட்டை விட்டுவிடுங்கள்.

அடுத்தது வசிப்பு அட்டை. நாட்டுக்குள் நுழைந்த ஒரு மாதத்துக்குள் தேசியக் காவல் துறை அலுவலகத்தில் கைரேகை கொடுத்து விண்ணப்பிக்க வேண்டும். இதற்கு முன்கூட்டியே நேரம் பதிந்திருக்க வேண்டும். ஸ்பெயினில் வாழ்கிற வெளிநாட்டவர் எல்லாரும் முதலில் கற்றுக்கொள்ளும் சொல் 'சீத்தா பிரேவியா', அதாவது முன்பதிவு நேரம் என்பதுதான். பெரிய நகரங்களில் அந்த நேரம் கிடைக்காமல் மக்கள் வாரக்கணக்கில் தவிக்கிறார்கள். சிறிய மாகாணத்தில் அந்த நெரிசல் இல்லை, இது இங்கே வாழ்வதன் பெரிய வசதிகளில் ஒன்று. அட்டை கைக்கு வந்ததும் இணையத்தில் கையொப்பமிட உதவும் மின்சான்றிதழை வாங்கி வையுங்கள். அதன் பிறகு பாதி அலுவல்களை வீட்டில் இருந்தபடியே முடிக்கலாம்.

படிவங்கள் குழப்பினால் ஹெஸ்தோரிடம் போங்கள். நம் ஊரில் பத்திர எழுத்தரும் தணிக்கையாளரும் ஒருவரே ஆகி அலுவலகம் வைத்தால் எப்படியோ, அப்படிப்பட்ட தொழில் அது. ஆண்டில் 183 நாள்களுக்கு மேல் ஸ்பெயினில் வாழ்ந்தால் உலகில் எங்கே ஈட்டிய வருமானத்துக்கும் இங்கே வரிக் கணக்குக் காட்ட வேண்டும் என்பதும், வெளிநாட்டில் உள்ள வங்கி இருப்பு, முதலீடு, வீடு ஆகிய ஏதாவது ஒரு வகை 50,000 யூரோவைத் தாண்டினால் மாதிரி 720 என்ற படிவத்தில் அறிவிக்க வேண்டும் என்பதும் பலருக்குத் தாமதமாகத்தான் தெரிய வருகின்றன. இந்தியாவுக்கும் ஸ்பெயினுக்கும் இரட்டை வரித் தவிர்ப்பு ஒப்பந்தம் இருப்பதால் ஒரே வருமானத்துக்கு முழு வரியை இரு முறை கட்ட வேண்டியதில்லை. ஆனால் கணக்குக் காட்டும் கடமை போய்விடாது.

வீடு

வாடகைச் சட்டம் குடியிருப்பவருக்குச் சாதகமானது. நிரந்தரக் குடியிருப்புக்கான ஒப்பந்தமாக இருந்தால், சொந்தக்காரர் தனிநபராயின் ஐந்து ஆண்டுகள் வரை நீங்கள் அங்கே தொடரலாம். ஆறு மாதம் கழிந்ததும் 30 நாள் முன்னறிவிப்புக் கொடுத்துவிட்டு வெளியேறலாம். சட்டப்படியான முன்பணம் ஒரு மாத வாடகைதான், கூடுதல் உத்தரவாதம் கேட்டால் அதற்கும் வரம்பு உண்டு. 2023ஆம் ஆண்டின் வீட்டுவசதிச் சட்டத்துக்குப் பிறகு தரகுக் கட்டணத்தைச் சொந்தக்காரரே ஏற்க வேண்டும். இந்தப் பாதுகாப்புகளைத் தவிர்ப்பதற்காகச் சிலர் 'பருவகால' ஒப்பந்தம் நீட்டுவார்கள். தலைப்பைப் படிக்காமல் கையெழுத்திட வேண்டாம்.

பழைய நகர்ப்பகுதியின் வீடுகளைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் வந்தவர்களின் மனம் ஒடிவது பெரும்பாலும் இங்கேதான். கல் சுவர்கள் முக்கால் மீட்டர் கனம் இருக்கும். ஆகஸ்டில் வெளியே 40 பாகை தொடும்போது கீழ்த்தளத்தில் கிணற்றடி போலக் குளுமை இருக்கும். அதே சுவர் டிசம்பரில் எதிரியாக மாறும். அடித்தளத்தில் ஈரத்தைத் தடுக்கும் அமைப்பு இல்லாததால் மண்ணிலிருந்து ஓதம் ஏறும். நான் முதலில் எடுத்த வீட்டைச் செப்டம்பரில் பார்த்தேன். புதிதாக வெள்ளையடித்திருந்தார்கள், சுத்தமாக இருந்தது. டிசம்பர் நடுவில் துணி அலமாரியை நகர்த்தியபோது பின்சுவர் தரையிலிருந்து இடுப்பு உயரம் வரை கறுத்திருந்தது. அதற்கு மேலே உப்புப் பொரிந்து, கை பட்டதும் சுண்ணாம்பு மாவாக உதிர்ந்தது. தொங்கவிட்டிருந்த சட்டைகளின் தோள் பகுதியில் பூஞ்சணம். ஆகவே வீடு பார்க்கப் போகும்போது புது வெள்ளையைக் கண்டு மகிழாதீர்கள். அறைக்கலன்களை நகர்த்தச் சொல்லுங்கள், மூலைகளில் மூக்கை வைத்து மோந்து பாருங்கள், கீழ்த்தளச் சுவரில் உள்ளங்கையை ஒரு நிமிடம் வைத்துப் பாருங்கள். மழைக்குப் பின் இன்னொரு முறை போங்கள்.

சூடாக்கும் வசதியைப் பற்றிக் கேட்காமல் வாடகை பேசக் கூடாது. பல வீடுகளில் மைய வெப்ப அமைப்பே கிடையாது. மேசா கமில்யா என்ற வட்ட மேசைதான் அங்கே குடும்பத்தின் குளிர்கால மையம்: தரை தொடும் கனத்த துணி போர்த்திய மேசை, அதன் அடியில் பிரசேரோ என்ற கணப்பு. முன்னாளில் கரி நெருப்பு; இன்று மின்சாரம். துணியைத் தொடைமீது இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்தால் இடுப்புக்குக் கீழே சித்திரை, முதுகுக்குப் பின்னால் மார்கழி. எழுந்து போகும்போது அணைத்துவிட வேண்டும், துணி கணப்பின் மேல் படாமல் பார்க்க வேண்டும்; இதனால் தீப்பிடிப்பது உண்டு. இன்னொரு வழி ஹயேன் மாகாணத்துக்கே உரியது. ஆறு கோடிக்கும் மேற்பட்ட ஆலிவ் மரங்கள் நிற்கும் நிலம் இது. எண்ணெய் ஆட்டிய பின் பிரித்தெடுத்து உலர்த்திய ஆலிவ் கொட்டையை மூட்டையாக விற்கிறார்கள். அதற்கேற்ற அடுப்பில் அது சீராக எரிந்து நல்ல சூடு தரும், செலவும் மின்சாரத்தைவிடக் குறைவு. அத்தகைய அடுப்புள்ள வீடு கிடைத்தால் வாடகை சற்றுக் கூடுதலாக இருந்தாலும் எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு குளிர்காலத்துக்குப் பிறகும் வாங்கும் எண்ணம் நிலைத்திருந்தால், முதலில் சொத்துப் பதிவேட்டிலிருந்து நோத்தா சிம்ப்ளே எடுங்கள். நம் வில்லங்கச் சான்று செய்யும் வேலையை இது செய்யும்: உரிமையாளர் யார், அடமானம் உண்டா, வழக்கு உண்டா என்பவற்றைக் காட்டும்; கட்டணம் மிகக் குறைவு. பழைய நகரில் தாத்தா பெயரிலேயே கிடக்கும் வீடுகள் ஏராளம். வாரிசுகள் ஐந்து பேர், ஒருவர் பார்சலோனாவில், ஒருவர் ஜெர்மனியில் என்று இருந்தால் அனைவரும் ஒப்புக்கொண்டு கையெழுத்திடும் வரை காத்திருக்க வேண்டும். பாகப்பிரிவினை முடியாத வீட்டுக்கு முன்பணம் கொடுக்க வேண்டாம். வழக்கமாக விலையில் பத்து விழுக்காட்டை அர்ராஸ் என்ற முன்பணமாகக் கொடுப்பார்கள்: நீங்கள் பின்வாங்கினால் அது போய்விடும், விற்பவர் பின்வாங்கினால் இரட்டிப்பாகத் திருப்பித் தர வேண்டும். ஆண்டலூசியாவில் பழைய வீட்டின் விலைக்கு மேல் 7 விழுக்காடு சொத்துரிமை மாற்ற வரி உண்டு. நோட்டரி, பதிவு, வழக்கறிஞர் செலவுகளையும் சேர்த்து விலைக்கு மேல் பத்து விழுக்காட்டுக்குக் குறையாமல் ஒதுக்கிக்கொள்ளுங்கள்.

வாங்கிய பிறகும் பாரம்பரியப் பகுதி வீடு முழுக்க உங்கள் விருப்பப்படி நடந்துகொள்ளாது. சன்னலை மரத்திலிருந்து அலுமினியத்துக்கு மாற்றவும், முகப்பின் நிறத்தை மாற்றவும், அறைக் குளிரூட்டியின் வெளிப்பெட்டியைச் சுவரில் மாட்டவும் அனுமதி வேண்டும். தரையைத் தோண்டினால் தொல்லியல் ஆய்வாளர் ஒருவரை உங்கள் செலவில் அமர்த்த நேரலாம். இதைத் தொல்லையாக நினைப்பவர், ஐந்து நிமிட நடையில் உள்ள புதிய பகுதியில் மின்தூக்கியும் நல்ல சன்னல்களும் உள்ள குடியிருப்பை வாங்கிவிட்டு, மாலையில் பழைய நகருக்கு நடந்து வரலாம். ஊபெதாக்காரர்களில் பெரும்பாலோர் அப்படித்தான் வாழ்கிறார்கள், அவர்களுடைய முடிவில் நியாயம் இருக்கிறது.

பேச்சும் பழக்கமும்

ஊபெதாவில் ஆங்கிலத்தை நம்பி வாழ முடியாது. சுற்றுலா அலுவலகத்துக்கு வெளியே, குழாய் பழுது பார்ப்பவரிடமும் மருத்துவரிடமும் ஸ்பானியம்தான். புறப்படும் முன் ஓராண்டு படியுங்கள். பாடநூலில் கேட்ட மொழி இங்கே காதில் வேறுவிதமாக விழும்: சொல்லின் இறுதி சகரம் மறைந்துவிடும், 'பெஸ்காதோ' என்ற மீன் 'பெஸ்காவ்' ஆகும். ஸ்பானிய மொழியிலேயே இவ்வூர்ப் பெயர் சுமக்கும் ஒரு மரபுத்தொடர் உண்டு: பேச்சு திசை மாறிப் போனால் 'ஊபெதாவின் குன்றுகளில் திரிகிறார்' என்பார்கள். 13ஆம் நூற்றாண்டில் காஸ்தீய மன்னர் மூன்றாம் பெர்னாந்தோ இவ்வூரைக் கைப்பற்றியபோது போர் முடிந்த பின் வந்து சேர்ந்த ஒரு வீரன், குன்றுகளில் வழி தவறிவிட்டேன் என்று சொன்னானாம். அதைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் சொற்களைத் தேடித் தடுமாறும்போது யாராவது அன்போடு அதைச் சொல்வார்கள்.

சந்தைக் கட்டடத்தின் மீன் கடையில் வரிசை கண்ணுக்குத் தெரியாது. ஒருவர் தூணில் சாய்ந்திருப்பார், இருவர் அடுத்த கடையில் தக்காளி பார்த்துக்கொண்டிருப்பார்கள். உள்ளே வருபவர் யாரையும் குறிப்பாகப் பார்க்காமல் 'கியென் எஸ் எல் உல்த்திமோ?', கடைசி ஆள் யார் என்று கேட்பார். ஒரு கை உயரும். அவ்வளவுதான், உங்கள் இடம் உறுதியாகிவிட்டது. நீங்களும் போய்த் தக்காளி பார்க்கலாம். மருத்துவர் அறை வாசலிலும் இதுவே முறை. கேட்காமல் போய் முன்னால் நிற்பவரை எவரும் திட்டமாட்டார்கள், ஆனால் கவனித்துக்கொள்வார்கள். அதுபோலவே கடைக்குள் நுழையும்போது வணக்கம் சொல்வதும், தெருவில் எதிர்ப்படும் அறிமுகமில்லாதவருக்குக்கூட 'ஆஸ்தா லுவேகோ' (பிறகு பார்ப்போம்) சொல்லிப் போவதும் கட்டாயக் கடமைகளாகவே கருதத்தக்கவை. கடைகள் இரண்டு மணிக்கு அடைத்து மாலை ஐந்து, ஐந்தரைக்குத் திறக்கும். மதிய வேளையில் யார் வீட்டுக் கதவையும் தட்ட வேண்டாம்.

உணவைப் பொறுத்தவரை, மது அல்லது குளிர்பானம் எது கேட்டாலும் ஒரு சிறு தட்டு உணவு விலையின்றி வரும் வழக்கம் இந்த மாகாணத்தில் இன்னும் இருக்கிறது. சைவ உணவுக்காரர்கள் 'இறைச்சி வேண்டாம்' என்று மட்டும் சொன்னால் சூரை மீனோ பன்றித் தொடைத் துண்டோ தட்டில் வந்துவிடலாம். இரண்டையும் பெயர் சொல்லி விலக்குங்கள். பருப்பும் கொண்டைக்கடலையும் அரிசியும் எங்கும் கிடைக்கும். கறிவேப்பிலைக்கு வழியில்லை. பிகுவால் வகை ஆலிவின் முதல் எண்ணெயை, நவம்பரில் ஆட்டிய சில நாளிலேயே, பச்சை நிறம் மாறாமல் ஆலையில் வாங்கிச் சுட்ட ரொட்டியில் ஊற்றிச் சாப்பிட்டுப் பாருங்கள். தொண்டையில் மிளகு போல் கார்க்கும்.

கார் ஓட்டுபவர்களுக்கு ஒரு செய்தி. இந்திய ஓட்டுநர் உரிமத்தை ஸ்பானிய உரிமமாக மாற்றிக்கொள்ளும் ஒப்பந்தம் இல்லை. வசிப்புரிமை பெற்று ஆறு மாதம் கழிந்ததும் அது செல்லாது. எழுத்துத் தேர்வும் சாலைத் தேர்வும் புதிதாக எழுதியாக வேண்டும். இரயில் இல்லாத ஊரில் இது சிறிய விஷயமல்ல, வந்த மாதமே ஓட்டுநர் பள்ளியில் சேருங்கள். மருத்துவத்துக்கு, ஓராண்டு வசித்த பிறகு சிறப்பு உடன்படிக்கை என்ற திட்டத்தில் மாதம் 60 யூரோ செலுத்திப் பொது மருத்துவச் சேவையில் சேரலாம். 65 வயது நிறைந்தவர்களுக்கு 157 யூரோ. மருந்துக்கு இதில் மானியம் கிடையாது.

வருவதற்கு ஏற்ற காலம் செப்டம்பர் இறுதி. புனித மிகுவேல் திருவிழா அப்போதுதான் நடக்கும், அந்த வாரத்தில் அலுவல் எதுவும் நகராது. திருவிழா முடிந்ததும் அலுவலகங்கள் சுறுசுறுப்பாகிவிடும். நவம்பரில் அறுவடை தொடங்கி, டிராக்டர்களின் சக்கரம் தெருவெல்லாம் மண் பூசும்போது உங்கள் அட்டையும் பத்ரோனும் கையில் இருக்கும், குளிரும் தொடங்கியிருக்கும். வருமானம் ஈட்டாத விசாவின் முதல் அனுமதி ஓராண்டுக்குத்தான். அது முடிவதற்கு இரண்டு மாதங்கள் இருக்கும்போதே புதுப்பிக்க விண்ணப்பிக்கலாம். அடுத்த அனுமதி இரண்டு ஆண்டுகளுக்கு என்பதால் இரண்டு ஆண்டுக்குமான தொகையை, அதாவது தனி ஒருவருக்கு 57,600 யூரோவைக் காட்டச் சொல்வார்கள். வீட்டுக்கு முன்பணம் கொடுக்கும் முன் அந்தத் தொகையைத் தனியே எடுத்து வைத்துவிடுங்கள்.